ஸ்வால்பார்ட் தீவுகள்: நூறு பேர் கப்பலா, இருநூறு பேர் கப்பலா?

ஆர்க்டிக் கடலில் நார்வேக்குச் சொந்தமான தீவுக்கூட்டம் ஸ்வால்பார்ட். அங்கே போவதென்று முடிவான பிறகு எந்தக் கப்பல் என்பதில்தான் ஒரு மாதம் ஓடியது. நூறு பேர் போகும் சின்னக் கப்பல் ஒன்று, இருநூறு பேர் வரை ஏறும் பெரியது ஒன்று. நான் சின்னதில் போனேன். அடுத்த முறையும் அதில்தான்.

பெரியதில் அறை விசாலம், ஆட்டம் குறைவு, நான் பார்த்தபோது கட்டணமும் குறைவு. விசா இரண்டுக்கும் ஒன்றுதான்: நார்வே வழியாகப் போய்த் திரும்புவதால் இரண்டு முறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) வேண்டும். போகும் இடங்களிலும் பெரிய வித்தியாசம் இல்லை. 2025 ஜனவரி முதல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் நுழைய முடியாது. அங்கே கரையிறங்கவும் 43 இடங்களில் மட்டுமே அனுமதி.

வித்தியாசம் வெளியே இருக்கும் நேரத்தில் வருகிறது. ஒரே சமயத்தில் கரையில் நூறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்பது ஆர்க்டிக் பயணக் கப்பல் நிறுவனங்களின் சங்கம் வைத்திருக்கும் நெறிமுறை. நூறு பேர் கப்பலில் எல்லோரும் ஒன்றாக இறங்கலாம். இருநூறு பேர் என்றால் இரண்டு முறை. மூன்று மணி நேரம் நிற்கும் இடத்தில் ஆளுக்கு ஒன்றரை மணிதான், மீதி நேரம் கப்பலில் காத்திருக்க வேண்டியதுதான். முதல் குழு கரையில் இருக்கும்போது பனிக்கரடி தென்பட்டால் எல்லோரையும் படகில் ஏற்றிவிடுவார்கள். இரண்டாவது குழு அந்தத் தீவில் கால் வைக்காமலே போகும்.

ஜூலைக் கடைசியில் ஒரு காலை, ஹின்லோப்பன் நீரிணையில் அல்கெஃப்யெல்லெட் பாறைச் சுவர். சுமார் நூறு மீட்டர் உயரக் கருந்தூண்கள், அவற்றின் விளிம்புகளில் ஏறக்குறைய 60,000 ஜோடி கில்லமாட் பறவைகள். ரப்பர் படகின் இன்ஜினை அணைத்ததும் பறவைச் சத்தம் காதை அடைத்தது, எச்ச நாற்றம் மூக்கில் ஏறியது. ஒரு குஞ்சு விளிம்புக்கு வருவதும் பின்வாங்குவதுமாக இருந்தது. மூன்று வாரக் குஞ்சு, பறக்கும் அளவுக்கு இறகு முளைத்திருக்காது. கீழே சரிவில் ஒரு நரி காத்திருந்தது. நாற்பது நிமிடம் கழித்துக் குஞ்சு குதித்தது, குட்டைச் சிறகை அடித்துக்கொண்டு வந்து எங்கள் படகுக்குப் பக்கத்திலேயே தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. அடுத்த நொடி அப்பன் பறவை அதன் அருகில் இறங்கியது. இரண்டும் திறந்த கடலை நோக்கி நீந்தின. அடுத்த குழுவுக்காகப் படகைத் திருப்பியிருந்தால் இதைப் பார்த்திருக்கவே மாட்டேன். மதியம் டோரெல்நெஸில் வால்ரஸ் கூட்டத்தின் முன்னாலும் அவசரமே இல்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் போன வாரம் முழுக்கக் கடல் அமைதி. கொந்தளிப்பில் சின்னக் கப்பல் எப்படி ஆடும் என்பதை நான் அனுபவித்ததில்லை. கிரீன்லாந்து வரை திறந்த கடலைக் கடக்கும் பயணம் என்றால், குமட்டல் வருகிறவர்கள் பெரியதையும் யோசிக்கலாம்.

முன்பணம் கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: எத்தனை படகு, எத்தனை வழிகாட்டி, எல்லாப் பயணிகளும் ஒரே நேரத்தில் வெளியே போக முடியுமா? "குழு குழுவாக" என்று பதில் வந்தால், ஆளுக்கு எத்தனை மணி நேரம் என்று அடுத்ததாகக் கேளுங்கள்.