பள்ளியில் ஜெமினியை யாருக்குத் திறப்பது: பிரிவு வழியா, குழு வழியா?

கூகுள் வொர்க்ஸ்பேஸ் (கூகுளின் மின்னஞ்சல், ஆவணச் சேவைத் தொகுப்பு) உள்ள பள்ளியில் ஜெமினி, நோட்புக்எல்எம் போன்ற ஏஐ உதவியாளர்களை யார் பயன்படுத்தலாம் என்பதை இரண்டு விதமாக அமைக்கலாம். ஒன்று நிறுவனப் பிரிவு, அதாவது கணக்குகளை மேல் கீழாக அடுக்கி வைக்கும் பிரிவு. இன்னொன்று அணுகல் குழு, அதாவது ஒரு சேவையைத் திறப்பதற்காகப் பெயர் சேர்க்கும் குழு.

பிரிவில் ஒரு கணக்கு ஒரே இடத்தில்தான் இருக்கும். மேலே வைத்த அமைப்பு தானாகக் கீழே இறங்கும். 'மாணவர்கள்' பிரிவில் ஜெமினியை அணைத்தால், கீழே தனியாக மாற்றி வைக்காதவரை அதன் கீழுள்ள எல்லா வகுப்புக்கும் அணைந்துவிடும். பிள்ளைகள் விஷயத்தில் இந்த உறுதி எனக்குப் பெரிது. ஒன்பதாம் வகுப்பில் நாலு பேருக்கு மட்டும் அறிவியல் கண்காட்சிக்காகத் திறக்கச் சொன்னால்தான் சிக்கல். அவர்களுக்கென்று தனிப் பிரிவு உண்டாக்க வேண்டும், மற்ற அமைப்புகளும் கூடவே நகரும்.

குழுவில் இந்தத் தொல்லை இல்லை. ஒரே மாணவி பல குழுக்களில் இருக்கலாம். ஆனால் கவனியுங்கள்: அணுகல் குழு ஒரு சேவையைத் திறக்கும், அணைக்காது. பிரிவில் அணைத்திருந்தாலும் குழுவில் பெயர் இருந்தால் சேவை திறந்தேதான் இருக்கும். கண்காட்சி முடிந்தும் யாரும் பெயரை நீக்கவில்லை என்றால் அனுமதி அப்படியே கிடக்கும்.

அதனால் என் தேர்வு, அடித்தளம் பிரிவில், விதிவிலக்கு மட்டும் குழுவில். குழுவின் பெயரிலேயே முடியும் மாதத்தை எழுதிவிடுங்கள், 'கண்காட்சி-டிசம்பர்' என்பதுபோல.

அப்புறம் வயது அமைப்பு, அதாவது கணக்கு வைத்திருப்பவர் 18 வயதுக்குக் கீழா மேலா என்று குறிப்பது. பள்ளிகளில் எல்லாரும் 18 வயதுக்குக் கீழ் என்றே இயல்பாகக் கொள்ளப்படும். ஆசிரியர்களை 18க்கு மேல் என்று நாம்தான் குறிக்க வேண்டும்.