டிஃபர் ஆன பிள்ளையின் பாஸ்வேர்டை யாரிடமும் கொடுக்காதீர்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்துவிட்டு, டிசம்பரில் "டிஃபர்" (முடிவைத் தள்ளிவைக்கிறோம்) என்று பதில் வாங்கிக்கொண்டு தூக்கம் வராமல் உட்கார்ந்திருக்கும் சிங்கப்பூர்ப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். எங்களுக்குப் போனது 3,800 வெள்ளி. பணம் போனதுகூடப் பரவாயில்லை, மற்றதுதான் இன்னும் மனசில் உறுத்துகிறது.

மகள் ஜேசியில் (ஜூனியர் கல்லூரி) இரண்டாம் ஆண்டு. நவம்பர் 1 கெடுவுக்குள், ஏ லெவல் தாள்களுக்கு நடுவே, கிழக்குக் கரையில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏர்லி டிசிஷன் முறையில் போட்டாள். அந்த முறையில் ஓரிடத்துக்குத்தான் போட முடியும், கிடைத்தால் அங்கேதான் சேர வேண்டும் என்று பிள்ளை, பெற்றோர், பள்ளி மூவரும் கையெழுத்திட வேண்டும். டிசம்பர் நடுவில் முடிவு வந்தது. அங்கே இரவு 7 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை 8. அவள் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தாள், நான் வேலைக்குக் கிளம்பாமல் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். வெளியே வந்து, "இல்லைன்னு சொல்லலப்பா, ஆமான்னும் சொல்லல" என்றாள்.

அண்ணனுக்கு ஃபோன் போட்டு "டிஃபர் பண்ணிட்டாங்க" என்றதும் "பொம்பளப் பிள்ளைக்கு ஏதுடா நேஷனல் சர்வீஸ்?" என்று கேட்டார். நம் வீடுகளில் அந்த வார்த்தைக்கு, பையன்களின் கட்டாய ராணுவ சேவையைத் தள்ளிவைப்பது என்பதுதானே அர்த்தம்! பல்கலைக்கழக விண்ணப்பத்தில் அர்த்தம் வேறு. விண்ணப்பத்தை நிராகரிக்காமல், ஜனவரியில் வரும் மற்ற விண்ணப்பங்களோடு சேர்த்து இன்னொரு தடவை பார்ப்பார்கள், கடைசி முடிவு மார்ச் இறுதியில். வெயிட்லிஸ்ட் இதுவல்ல, அது அந்தக் கடைசி முடிவோடு வருவது.

அந்த வாரமே ஒரு வாட்ஸ்அப் குழுவில் தெரிந்தவர் ஒருவர் விளம்பரம் ஒன்றை அனுப்பினார், டிஃபர் ஆன மாணவர்களுக்கு "மீட்புத் திட்டம்" என்று. ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அந்த ஆலோசகரைப் பார்த்தேன். அலுவலகத்தில் ரெனவேஷன் நடக்கிறதாம். (அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும்.) தமிழர். என் ஊர் எது என்று கேட்டார், அவர் ஊரும் பக்கம்தான் என்றார், "அண்ணே, நம்ம பிள்ளைக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறேன்" என்றார். நம்மாளு என்றதும் என் மூளை பாதி படுத்துவிட்டது. ஏதோ ஒரு பல்கலைக்கழக வாசலில் நின்று எடுத்த படத்தைக் காட்டினார். அதைப் பார்த்து மீதியும் படுத்தது. வாசலில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்பது வீட்டுக்கு வந்து, பணம் போய், ஒரு மாதம் கழித்துத்தான் உறைத்தது.

அட்மிஷன் ஆபீசுக்குள் தனக்கு ஆள் இருப்பதாகச் சொன்னார். 2019இல் அமெரிக்காவில் ரிக் சிங்கர் என்ற ஆலோசகர் இப்படித்தான் பணக்காரப் பிள்ளைகளைப் பின்வாசல் வழியாக நுழைத்து மாட்டினார், 2023 ஜனவரியில் அவருக்கு மூன்றரை ஆண்டுச் சிறை. அந்தச் செய்தியைப் படித்தவன்தான் நான். உள்ளே ஆள் இருக்கிறார் என்று ஒருவர் சொன்னால், அது பொய்யென்றால் நம்மை ஏமாற்றுகிறார், நிஜமென்றால் நம் பிள்ளையைக் குற்றத்தில் இழுக்கிறார். இவ்வளவும் தெரிந்தும் வாட்ஸ்அப்பில் "100 விழுக்காடு கேரண்டி" என்று அவர் அனுப்பியதும் சரி என்றேன்.

பணத்தைக் கம்பெனி கணக்குக்குப் போட்டால் 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேரும், கைபேசி எண்ணுக்குப் பேநவ் செய்துவிடுங்கள் என்றார். எண்ணைத் தட்டியதும் ஒரு பெண்ணின் பெயர் வந்தது. மனைவி கணக்காம். ரசீது கேட்டேன், "நமக்குள்ள எதுக்குண்ணே" என்றார்.

அப்புறம் அந்த பாஸ்வேர்டு. ஒவ்வொரு மாணவருக்கும் பல்கலைக்கழகம் தனி போர்ட்டல் திறந்து கொடுக்கும், முடிவும் அதில்தான் வரும், புதிய தகவலும் அதில்தான் ஏற்ற வேண்டும். அவர் அதன் பாஸ்வேர்டைக் கேட்டபோது மகள் கொடுக்க மாட்டேன் என்றாள். "என் பேர்ல இருக்கற பக்கம்பா அது" என்றாள். விவரம் தெரிந்தவர் கேட்கிறார், உனக்கென்ன என்று அவளை அதட்டி வாங்கிக் கொடுத்தது நான்தான். இரண்டு நாடுகளிலிருந்து லாகின் ஆனால் சந்தேகப்படுவார்கள், அதனால் நீங்கள் உள்ளே போகாதீர்கள் என்றும் சொல்லிவைத்தார்.

அவர் சொன்ன இன்னொரு பொய்தான் எங்களை அதிகம் கெடுத்தது. ஏர்லி டிசிஷன் ஒப்பந்தம் மார்ச் வரை செல்லும், வேறெங்கும் போடாதீர்கள், போட்டால் இவளுக்கு நம்மேல் ஆசையில்லை என்று நினைப்பார்கள் என்றார். ஜனவரியில் பள்ளி திறந்ததும் ஜேசி ஆலோசகர் மகளுக்கு மின்னஞ்சல் அனுப்பி, வேறு எங்கெல்லாம் போட்டிருக்கிறாய் என்று கேட்டார். இவள் ஒப்பந்தத்தைப் பற்றி எழுதியதும் அவரே ஃபோனில் கூப்பிட்டுவிட்டார். டிஃபர் ஆனாலே அந்தக் கட்டுப்பாடு நீங்கிவிடும், எங்கு வேண்டுமானாலும் போடலாம். ஆனால் ரெகுலர் சுற்றுக்குப் பல இடங்களில் ஜனவரி 1 முதல் 5க்குள் கெடு முடிந்துவிடும், அதற்குள் முடிந்தும் போயிருந்தது. கெடு தள்ளியிருந்த இரண்டு இடங்களுக்கு ராத்திரி பகலாக உட்கார்ந்து கட்டுரை எழுதிப் போட்டாள்.

ஜனவரி கடைசியில் ஒரு ராத்திரி அவள் பொறுமையிழந்து போர்ட்டலைத் திறக்கப் போனாள். திறக்கவில்லை, பாஸ்வேர்டை மாற்றியிருந்தார்கள். நல்லவேளை, மின்னஞ்சல் அவளுடையது, அதை வைத்து மீட்டாள். உள்ளே மூன்று பக்க பிடிஎஃப் ஒன்று ஏறியிருந்தது. கோப்புப் பெயரில் வேறு யாருடையதோ இனிஷியல். முதல் பத்தியில் மட்டும் அவள் பெயரும் பல்கலைக்கழகத்தின் பெயரும் சரியாக இருந்தன. இரண்டாம் பக்கத்தில் அவள் ஹாக்கி அணித் தலைவி. என் மகளின் சிசிஏ (பள்ளியில் பாடத்துக்கு வெளியே செய்யும் நடவடிக்கை) இந்திய நடனம், ஹாக்கி மட்டையை அவள் தொட்டதுகூட இல்லை. மூன்றாம் பக்கத்தில் ஓரிடத்தில் அவளை ஆண்பாலில் எழுதியிருந்தது. எவனோ ஒரு பையனுக்கு எழுதிய கடிதத்தில் பெயரை மாற்றி ஏற்றியிருக்கிறார் மனுஷன். சிரிப்பு வரும் விஷயமில்லை இது. விண்ணப்பத்தில் இருப்பதெல்லாம் உண்மை என்று பிள்ளை உறுதி கொடுத்திருக்கிறாள், பொய் தெரியவந்தால் கிடைத்த இடத்தையே பறிக்கலாம்.

டிசம்பரில் வந்த கடிதத்தை அன்றைக்குத்தான் முழுசாகப் படித்தோம். முதல் பத்தியில் டிஃபர் என்று பார்த்ததும் மூடிவைத்திருந்தோம். நான்காம் பத்தியில் தெளிவாக இருந்தது: ஒரே ஒரு கடிதம், ஒரு பக்கத்துக்கு மிகாமல், கூடுதல் சிபாரிசுக் கடிதங்கள் வேண்டாம். 3,800 வெள்ளிக்கு அவர் வாங்கித்தருவதாகச் சொன்ன "முன்னாள் மாணவர் சிபாரிசு" அந்தப் பல்கலைக்கழகம் வேண்டவே வேண்டாம் என்றது! ஒவ்வொரு இடத்துக்கும் விதி வேறு, சில இடங்களில் எதுவுமே அனுப்பாதே என்பார்கள். வந்த கடிதத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். எழுதச் சொன்னால் பிள்ளையே எழுதலாம்: நவம்பருக்குப் பிறகு என்ன புதிதாக நடந்தது, இன்னும் இதுதான் முதல் விருப்பமா, அவ்வளவுதான். மதிப்பெண்களைப் பள்ளி அனுப்பும். சந்தேகம் இருந்தால் பள்ளி ஆலோசகர் இருக்கிறார், அமெரிக்க வெளியுறவுத் துறையின் எஜுகேஷன்யுஎஸ்ஏ ஆலோசனைச் சேவை இருக்கிறது, இரண்டுக்கும் காசு கிடையாது.

மகள் அட்மிஷன் ஆபீசுக்கு நான்கு வரியில் மின்னஞ்சல் எழுதினாள். அந்தக் கடிதம் என்னுடையதல்ல, என் அப்பா ஒருவரை நம்பி பாஸ்வேர்டைக் கொடுத்தார் என்று. "அந்த ஒரு வரிய எடுத்துடேம்மா" என்றேன். "அது உண்மைதானேப்பா" என்றாள். அனுப்பிவிட்டாள். முந்தைய கோப்பை ஒதுக்கிவைக்கிறோம், உன் கடிதத்தை நீயே அனுப்பு என்று மூன்று நாளில் பதில் வந்தது.

இனி பணம். ஆலோசகர் முதலில் நீல டிக்கோடு நிறுத்தினார், பிறகு பணம் திரும்பக் கிடைக்காது என்று ஒரு வரி. அவர் அட்டையில் இருந்த கம்பெனிப் பெயரை பிஸ்ஃபைலில் (அரசின் நிறுவனப் பதிவுத் தளம்) தேடினேன், அப்படி ஒன்றுமே இல்லை. பணம் கட்டுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய தேடல், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனலில் (சிறு தொகை வழக்குகளுக்கான தீர்ப்பாயம்) அவர் பெயரிலேயே வழக்குப் போட்டேன். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், இணையத்திலேயே போடலாம், வக்கீல் கிடையாது. 5,000 வெள்ளிக்குள் என்பதால் எனக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். கைகொடுத்தது அந்த "100 விழுக்காடு கேரண்டி" ஸ்கிரீன்ஷாட்டும் பேநவ் பதிவும், அதனால் வாட்ஸ்அப்பில் எதையும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். அவர் வந்தார், அங்கேயும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டார். 2,600 வெள்ளியை இரண்டு தவணையில் தருவதாக முடிந்தது.

ஏ லெவல் முடிவு பிப்ரவரியில் வந்ததும் மகளே போர்ட்டலில் ஏற்றினாள். சிங்கப்பூரிலேயே இருக்கும் பல்கலைக்கழகங்களான என்யுஎஸ், என்டியு இரண்டுக்கும் போட்டுவிட்டாள். முதல் தவணை 1,300 வெள்ளி போன வாரம் வந்தது, அதே பெண்ணின் பெயரிலிருந்து. அமெரிக்க முடிவு மார்ச் கடைசியில். அங்கே கோடைநேரம் தொடங்கிவிட்டதால் இந்தத் தடவை நமக்குக் காலை 7 மணி. போர்ட்டலின் புது பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.