மத்திய வீதியில் 256 ஜிபி கிடைக்கும் கடை

பென்சீனின் நைத்திரேற்றப் பொறிமுறையைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, முக்காலியில் நின்ற என் கைப்பேசி ஒளிப்பதிவைத் தானாகவே நிறுத்திக்கொண்டது. வகுப்பு முடிந்து எடுத்துப் பார்த்த பிறகுதான் ‘சேமிப்பிடம் போதாது’ என்ற அறிவிப்பைக் கண்டேன். மழை காரணமாக அன்று மூதூரிலிருந்து திருகோணமலைக்கு வர முடியாமற்போன ஆறு மாணவர்களுக்காகவே அந்தப் பதிவை எடுத்திருந்தேன்; அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது பாடத்தின் முதல் ஐம்பத்திரண்டு நிமிடங்கள் மட்டுமே.

அந்தப் போனின் கொள்ளளவு 64 ஜிபி. அதில் இயங்குதளத்துக்கு 15, செயலிகளுக்கு 12, வட்ஸ்அப்புக்கு 21 போக எனக்கென்று எஞ்சியது 16 ஜிபி. அதிலும் முந்தைய வாரத்துப் பதிவொன்றை அழிக்க மறந்திருந்தேன். 1080பி தரத்தில் வழமையான முறையில் பதிந்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 மெகாபைட் போகிறது. அந்தக் கணக்கில் தொண்ணூறு நிமிட வகுப்பொன்றுக்கு 11.7 ஜிபி வேண்டும். எச்ஈவிசி என்ற புதிய சுருக்கமுறையில் இது ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்றாலும், சில மாணவர்களின் பழைய போன்களில் அந்தக் கோப்பு சரியாக ஓடுவதில்லை என்பதால் நான் பழைய முறையை விடவில்லை. வட்ஸ்அப்பின் 21 ஜிபியைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம். காலை வணக்கப் படங்களை அழித்து முடிக்கவே ஒரு தவணை விடுமுறை தேவைப்படும்.

ஆகவே புதிய போன் வாங்குவதற்கு நான் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: 256 ஜிபிக்குக் குறையக் கூடாது. ‘இணையத்தில் ஏற்றி வைக்கலாமே’ என்று நண்பர்கள் சொன்னார்கள். கூகுள் போட்டோஸ் படங்களை அளவில்லாமல் இலவசமாக வைத்துக்கொள்ள விட்ட காலம் 2021 ஜூன் 1ஆம் திகதியோடு முடிந்தது. 2024 முதல் அன்ட்ரொய்ட் போன்களின் வட்ஸ்அப் காப்புப்பிரதியும் கூகுள் கணக்கொன்றுக்குத் தரும் அதே 15 ஜிபி இலவச ஒதுக்கீட்டுக்குள்தான் அடங்க வேண்டும். என் வகுப்புகளில் ஒன்றை ஏற்றினாலே அதில் முக்கால்வாசி போய்விடும். மாதாமாதம் காசு கட்டலாம்; அத்துடன் 12 ஜிபியை மேலேற்றுவதற்கான டேட்டாவுக்கும் கட்ட வேண்டும்.

முதலில் நகரத்திலுள்ள இரண்டு வலையமைப்பு நிறுவனங்களின் காட்சியறைகளுக்குப் போனேன். இரண்டிலும் குளிரூட்டி, புன்னகை, இலக்கச் சீட்டு எல்லாம் இருந்தன. 256 ஜிபி மட்டும் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த நடுத்தர விலைப் போன்கள் எல்லாமே 128. தவணை முறையும் அவற்றுக்குத்தான். கூடிய கொள்ளளவு வேண்டும் என்று கேட்டபோது, “சேர், அதுக்கு இஞ்ச ஆக்கள் கேக்கிறேல்ல” என்று சொன்னார்கள். எனக்கு முன்னால் நின்ற பெண், தன் மகளின் போன் நிரம்பிவிட்டது என்ற முறைப்பாட்டோடு வந்திருந்ததை அவர்கள் கேள்வியாகக் கணக்கில் எடுக்கவில்லை போலும். விளம்பரப் பலகையில் ‘மாதம் இவ்வளவு மட்டுமே’ என்று எழுதுவதற்கு மிகச் சிறிய எண் தேவைப்படுகிறது; அந்த எண் மிகச் சிறிய கொள்ளளவிலிருந்துதான் பிறக்கும். வாடிக்கையாளர் எதைக் கேட்கிறார் என்பதைவிடப் பலகையில் எது அழகாக இருக்கும் என்பதே தட்டில் எந்தப் போன் இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம்.

நம் நாட்டில் இந்த நிறுவனங்கள் விற்கும் போன்கள் பெரும்பாலும் பூட்டப்படாதவையே. எந்தச் சிம்மும் வேலை செய்யும். எனவே இங்கே ‘கம்பனிப் போனா, கடைப் போனா’ என்பது தவணை வசதியையும் கையிருப்பையும் பற்றிய கேள்விதானே தவிர, பூட்டைப் பற்றியது அல்ல. பூட்டுப் பிரச்சினை வெளிநாட்டிலிருந்து வரும் போன்களோடுதான் வருகிறது. கனடாவில் 2017 டிசம்பர் முதலும், பிரித்தானியாவில் 2021 டிசம்பர் முதலும் பூட்டிய போன்களை விற்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. ஜப்பானிலும் 2021 ஒக்டோபரில் அதே தடை வந்தது. ஆகவே ரொறொன்ரோவிலோ இலண்டனிலோ உள்ள உறவினர்கள் அண்மைக் காலத்தில் கடையில் புதிதாக வாங்கி அனுப்பும் போனைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவிலிருந்து வருவது வேறு கதை. அங்கே தவணை முடியாத போன் பெரும்பாலும் பூட்டோடுதான் இருக்கும். அத்துடன் 2022இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களுக்குச் சிம் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். இதை அறியாமல் சிம்மைக் கையில் பிடித்துக்கொண்டு போனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த ஒருவரை நான் இந்தக் கடையிலேயே கண்டேன்.

இனிக் கடைக்கு வருகிறேன். மத்திய வீதியில், இரண்டு துணிக்கடைகளுக்கு நடுவே ஒடுங்கி நிற்கும் கடை அது. உள்ளே மூன்று பேர் நின்றால் நான்காவது ஆள் படியில்தான் நிற்க வேண்டும். ஆனால் சுவரில் கையால் எழுதி ஒட்டியிருந்த விலைப் பட்டியலில், ஒவ்வொரு மாதிரிக்கும் நேரே 128, 256 என்று இரண்டு நிரல்கள் இருந்தன. இந்த ஊரில் வேறெங்கும் நான் காணாத காட்சி. இரண்டாவது நிரலில் பல இடங்களில் ‘ஓடர்’ என்று எழுதியிருந்தாலும், மூன்று மாதிரிகளுக்கு விலை போட்டிருந்தது.

விற்பனையில் நின்ற தம்பியிடம் 256 கேட்டு வருகிறவர்கள் உண்டா என்று விசாரித்தேன். “எல்லாரும் கேப்பினம் சேர். விலையச் சொன்ன உடனதான் 128 காணும் எண்டுவினம்” என்றார். சில மாதங்களில் அவர்களே மெமரி கார்ட் வாங்கத் திரும்பி வருவார்கள் என்பதையும் சிரிக்காமல் சொன்னார். நான் பார்த்த மாதிரியில் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் ஏறத்தாழ 9,000 ரூபா. கைப்பேசிகளுக்கு 2024 ஜனவரி முதல் 18 வீதப் பெறுமதி சேர் வரியும் இருக்கிறது. கூடிய விலைக்கு வரியும் கூடும். அப்படியிருந்தும் அந்த 9,000 ரூபாவை நான் வீண் செலவாகக் கருதவில்லை. கமராவில் இன்னுமொரு கண், திரையில் இன்னும் கொஞ்சம் ஒளி என்று கடைக்காரர்கள் விற்கும் எந்த மேலதிகத்தையும்விட, போனின் ஆயுளை நேரடியாக நீட்டுவது சேமிப்பிடம்தான். நிரம்பப்போகும் போன் மந்தமாவதற்கும் காரணம் உண்டு: ஃபிளாஷ் நினைவகத்தில் அழித்துச் சுத்தமாக்கிய பகுதியில்தான் புதிதாக எழுத முடியும். இடம் குறைந்தால், இருப்பதை ஒதுக்கி, அழித்து, பிறகு எழுதும் வேலை ஒவ்வொரு முறையும் நடக்கிறது.

நான் எடுத்தது சாம்சங் கலக்ஸி ஏ26, 256 ஜிபி. 2025 மார்ச்சில் அறிமுகமான இந்த வரிசையில் ஏ36, ஏ56 ஆகிய விலை கூடிய இரண்டிலும் மெமரி கார்ட் போட வழியில்லை, ஏ26இல்தான் உண்டு. முந்தைய ஆண்டின் ஏ55இல் கார்ட் இடம் இருந்தது. நிறுவனத்தின் உயர்தர எஸ் வரிசையில் 2021இன் எஸ்21 முதலே அது இல்லை. வாடிக்கையாளர் கூடிய இடம் கேட்கக் கேட்க, கார்ட் போடும் ஓட்டையை மேலிருந்து கீழாக ஒவ்வொரு படியாக மூடிக்கொண்டு வருகிறார்கள். ஆப்பிள் அந்த ஓட்டையைத் தொடக்கம் முதலே வைக்கவில்லை. ஆனால் 2025இல் ஐபோன் 17ஐ 256 ஜிபியிலிருந்தே தொடங்கியது. அதற்கு அமெரிக்காவில் வைத்த 799 டொலர், முந்தைய ஆண்டு 128 ஜிபி ஐபோன் 16க்கு வைத்த அதே விலை. மேலே இருப்பவர்கள் 128ஐக் கைவிடத் தொடங்கிவிட்டார்கள், நம் காட்சியறைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

ஏ26க்கு ஆறு தலைமுறை அன்ட்ரொய்ட் மேம்படுத்தல்கள் தருவதாகச் சாம்சங் அறிவித்திருக்கிறது. எனக்கு இதுவே தீர்மானிக்கும் காரணமானது. ஆறு ஆண்டு ஓட வேண்டிய இயந்திரத்தில் பற்றரியை மாற்றலாம், திரையை மாற்றலாம்; உள்ளே ஒட்டிய நினைவகத்தை மாற்ற முடியாது. மற்றபடி 5,000 மில்லியம்பியர் மணிப் பற்றரி இரண்டு வகுப்புகளைப் பதிந்த பின்னும் வீடு வரை தாங்குகிறது. தூசும் நீரும் புகாத ஐபி67 தரம் மாரி காலத்தில் மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்கு ஆறுதல். கமராவைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. கரும்பலகை எழுத்து வாசிக்கக்கூடியதாக விழுகிறது.

கடையின் விற்பனை முறை நேர்மையானது. பெட்டியை என் கண் முன்னால் பிரித்து, போனை இயக்கி, அமைப்புகளில் சேமிப்பிடப் பக்கத்தைத் திறந்து என் கையில் தந்தார்கள். *#06# அழுத்தி வரும், அந்தப் போனுக்கே உரிய 15 இலக்க ஐஎம்ஈஐ எண்ணைப் பெட்டியின் எண்ணோடு ஒப்பிட்டு, பற்றுச்சீட்டிலும் எழுதினார்கள். ஐஎம்ஈஐ என்று ஆங்கில எழுத்துகளில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணை 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் அந்தப் போன் பதிவானதா என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமிருந்து பதில் வரும். அதையும் காசு கொடுக்கும் முன்பே செய்யச் சொன்னது கடைக்காரர்தான். நானாகக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

குறைகளும் உண்டு. இரண்டு நாளில் வரும் என்ற போன் ஆறாம் நாள்தான் கொழும்பிலிருந்து வந்தது. கண்ணாடி ஒட்டி, உறை என்று வேண்டாததைத் தலையில் கட்டும் பழக்கம் இவர்களுக்கும் இருக்கிறது. ஆனால் பெரிய குறை மெமரி கார்ட். 512 ஜிபி என்று அச்சிட்ட கார்ட் ஒன்று, நம்ப முடியாத விலையில், கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. நம்பக் கூடாது என்று தெரிந்தும் வாங்கினேன். ஆசிரியனாக இருந்தால் பரிசோதனை செய்து பார்க்காமல் விட முடியாது. அன்றிரவு கணினியில் செருகி, கார்ட் முழுவதையும் கோப்புகளால் நிரப்பி மீண்டும் வாசிக்கும் சிறு மென்பொருளொன்றை ஓடவிட்டுப் படுத்தேன். நொடிக்கு 20 மெகாபைட் வேகத்தில் 512 ஜிபியை நிரப்ப ஏழு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். விடிந்து பார்த்தால், எழுதியது எல்லாம் ‘சரி’ என்று காட்டியது. வாசிக்கத் தொடங்கியதும் 29 ஜிபிக்கு அப்பால் ஒன்றுமே திரும்பி வரவில்லை. உள்ளே இருந்தது 32 ஜிபி கார்ட். மேலே ஒட்டியிருந்ததுதான் 512.

இப்படிப்பட்ட கார்ட்டின் அபாயம், அது பிழை சொல்லாது என்பதில் இருக்கிறது. படம் எடுக்கும்போது எல்லாம் ஒழுங்காக நடப்பது போலவே இருக்கும். பத்திரகாளி அம்பாள் கோயில் திருவிழாவைப் பதிந்து வந்து வீட்டில் போட்டுப் பார்க்கும்போதுதான் பாதிக்கு மேல் கறுப்புத் திரை வரும். கொண்டு போய்க் கொடுத்தேன். தம்பி முதலில் போனைக் குறை சொன்னார். முடிவை எடுத்துக் காட்டியதும் உரிமையாளரே வந்து, காசைத் திருப்பித் தந்து, கொக்கியில் இருந்த மற்ற நான்கையும் கழற்றி உள்ளே போட்டார். அவை உள்ளே இருந்து எங்கே போயின என்பதை நான் கேட்கவில்லை.

அதன் பிறகு வேறிடத்தில் நல்ல கார்ட் வாங்கினேனா என்று கேட்டால், இல்லை. ஏ26இன் தட்டு கலப்புத் தட்டு: இரண்டு சிம், அல்லது ஒரு சிம்மும் ஒரு கார்ட்டும். ஒரு சிம் மாணவர்களின் பெற்றோருக்குத் தெரிந்த எண், மற்றது வகுப்பு நடக்கும் மண்டபத்துக்குள் சிக்னல் கிடைக்கும் ஒரே எண். இரண்டில் எதையும் கழற்ற முடியாது. ‘128 வாங்கிப் பிறகு கார்ட் போடலாம்’ என்று சொல்லும் கடைக்காரர்கள் இந்தத் தட்டை இழுத்துக் காட்டிவிட்டுச் சொன்னால் நன்று. கார்ட் போட வசதியுள்ளவர்கள் அட்டையில் வி30 என்ற குறியைப் பார்த்து வாங்கலாம். நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் இடைவிடாமல் எழுதும் என்பதே அதன் பொருள்.

நான்கு மாதம் ஆகிறது. இன்று காலை நிலவரப்படி 256இல் 149 ஜிபி நிரம்பியிருக்கிறது. பரீட்சைக்குப் போய்விட்ட அணியின் வகுப்புகளைக் கணினிக்கு மாற்றிவிட்டால் அதில் பாதிக்கு மேல் விடுபடும். 512 ஜிபி வேண்டுவோர் இந்தக் கடையிலும் முற்பணம் கட்டித்தான் காத்திருக்க வேண்டும். இரண்டு நாள் என்றால் ஒரு வாரம் என்று எடுத்துக்கொள்ளவும். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுகைக்காக நண்பகலில் பூட்டி, மூன்று மணியளவில் திறப்பார்கள்.