மிஞ்சும் சூரிய மின்சாரத்தில் சுடுதண்ணீர் என்று சொல்லி 780 பவுண் வாங்கிச் சென்றார்கள்: லண்டனில் உள்ளவர்கள் கவனிக்கவும்

நேற்றிரவு மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, மின்வேலை தெரிந்த என் மச்சான், மிஞ்சும் சூரிய மின்சாரத்தில் தண்ணீரைச் சுட வைக்கும் என்று சொல்லி எங்கள் வீட்டில் பூட்டிச் சென்ற பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்தவை ஒரு ரிலேயும் (மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்) ஒரு சாதாரண ரைமரும் மட்டுமே. வெளியேறும் மின்சாரத்தை அளப்பதற்காக மீற்றர்க் கம்பியைக் கவ்வி நின்ற கிளாம்ப்பிலிருந்து வந்த வயர் எதனோடும் இணைக்கப்படாமல், நுனி வெட்டப்பட்டு, கறுப்பு ரேப்பின் அடியில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. இதற்குத்தான் நான் 780 பவுண் கொடுத்தேன்.

எங்கள் கூரையில் 2014 முதல் 4 கிலோவாட் பனல்கள் இருக்கின்றன. பனல் போட்ட காலத்து அரசுத் திட்டத்தின் ஒப்பந்தத்தின்படி, உற்பத்தியில் பாதி வெளியே போனதாகவே கணக்கிட்டுப் பணம் தருகிறார்கள் என்பதால், மிஞ்சுவதை வீட்டிலேயே பயன்படுத்தினால் அது நமக்கு இலாபம். வெளியேறும் மின்சாரத்தைக் கிளாம்ப்பால் அளந்து, அந்த அளவை மட்டும் தண்ணீர்த் தாங்கியிலுள்ள 3 கிலோவாட் ஹீற்றருக்குத் திருப்பி, முகில் வந்தால் உடனே குறைத்துக்கொள்கிற கருவிகள் உண்மையிலேயே இருக்கின்றன. அவற்றில் எனக்குக் குறையில்லை.

வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு கைபேசிச் செயலியில்தான் இந்தப் பெட்டியைப் பூட்டியவரைக் கண்டேன். வந்தவர் தமிழர். அம்மாவை "அம்மம்மா" என்று அழைத்துத் தேநீர் வாங்கிக் குடித்தார். சப்பாத்தை வாசலிலேயே கழற்றிவிட்டு, துளையிட்ட தூசியைத் தானே துடைத்தார். பச்சை விளக்கைக் காட்டி, "அண்ணை, இனி வெயில்தான் உங்கட தண்ணியைக் காய்ச்சும்" என்றார். செயலிக்கு வெளியே வங்கியில் போட்டால் 50 பவுண் குறைப்பதாகச் சொன்னதும், அந்த நிமிடமே 780 பவுணை அனுப்பினேன். ஒன்றரை மணித்தியாலத்தில் 120 லீற்றர்த் தாங்கி முழுவதும் சுட்டபோது நாங்கள் மகிழ்ந்தோமே தவிர, அதற்கு ஏறத்தாழ 5 அலகு வேண்டும், நவம்பரில் என் பனல்கள் ஒரு நாள் முழுக்க உழைத்தாலே அவ்வளவுதான் தரும் என்று கணக்குப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, இருட்டிவிட்ட மாலை நாலரை மணிக்கு, சமையலறையில் இருந்த ஸ்மார்ட் மீற்றர்த் திரை சிவந்து, வெளியிலிருந்து 3.2 கிலோவாட் இழுப்பதாகக் காட்டியது. மேலே அந்தப் பச்சை விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. அழைத்தேன். "முகில் நாளிலே அப்பிடித்தான் காட்டும் அண்ணை" என்றார். மறுபடி அழைத்தபோது, "அப்டேற் ஒன்று வரும், இரண்டு நாள் பொறுங்கோ" என்றார். அதற்குப் பிறகு போனை எடுக்கவேயில்லை. செயலிக்காரர்களோ, பணம் தங்களுக்கு வெளியே கொடுக்கப்பட்டதால் தங்கள் உத்தரவாதம் பொருந்தாது என்று இரண்டு வரியில் எழுதி, அந்த முறைப்பாட்டை முடித்துவிட்டார்கள். என் 780 பவுணைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

இன்னொன்றும் இப்போதுதான் உறைக்கிறது. ஆண்டுக்கு 1,200 அலகு, 300 பவுண் மிச்சம் என்று அவர் சொன்னது மின்சார விலையில் போட்ட கணக்கு. எங்கள் வீட்டில் தண்ணீரைச் சுட வைப்பது காஸ் பொயிலர். காஸ் ஓர் அலகு மின்சாரத்தின் கால் பங்கு விலைதான். ஆகவே கருவி உண்மையானதாகவே இருந்திருந்தாலும் 80 பவுணைச் சுற்றித்தான் மிஞ்சியிருக்கும்.

விரிவாக எழுத இப்போது மனம் ஓடவில்லை. பணத்தை வங்கியில் நேரடியாகப் போடாதீர்கள். 100 பவுணுக்கு மேற்பட்ட பொருளுக்குக் கடன் அட்டையில் கட்டினால், 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி வங்கியிடமே கேட்கலாம், எனக்கு அந்த வழியும் இல்லை. தமிழ் பேசுகிறார் என்பதற்காகப் மின்வேலைக்கான பதிவுச் சான்றைக் கேட்காமல் விடாதீர்கள். இப்படி ஒரு பெட்டி உங்கள் வீட்டிலும் இருந்தால், இன்றைக்கே இருட்டிய பிறகு மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, சுடுதண்ணீர்க் குழாயைச் சிறிது நேரம் திறந்துவிட்டு, எங்கள் வீட்டைப் போல 3 கிலோவாட் அளவில் இழுக்கிறதா என்று மீற்றரைப் பாருங்கள்.