7 மெகாஹெர்ட்ஸ் கேட்க: கையால் கட்டிய ரிசீவரா, டாங்கிளா?

காலை ஏழு மணிக்கு 40 மீட்டர் பேண்டைத் திறந்தால், அதாவது 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை, நம் ஊர் ஹாம்கள், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்கள், ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வது காதில் விழும். இதைக் கேட்க நாமே ஒரு ரிசீவர் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு இன்று இரண்டு வழிகள். ஒன்று, ஐம்பது வருடத்துக்கும் மேலாக ஹாம்கள் கட்டிவரும் டைரக்ட் கன்வர்ஷன் ரிசீவர். இன்னொன்று, கம்ப்யூட்டரில் செருகும் ஆர்டிஎல் டாங்கிள். இரண்டையும் ஒரே ஏரியலில் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். பேண்டில் நடக்கும் பேச்சைத் தெளிவாகக் கேட்க வேண்டும், அது ஒன்றுதான் இங்கே அளவுகோல்.

முதலில் பழையது. சாதாரண ரேடியோவில் சிக்னலை இடையில் ஒரு அதிர்வெண்ணுக்கு மாற்ற வைக்கும் 455 கிலோஹெர்ட்ஸ் ஐஎஃப்டி டப்பாக்கள் இதில் கிடையாது. ஸ்டேஷன் 7.080-இல் பேசினால் நம் ரிசீவருக்குள் அலையை உண்டாக்கும் ஆசிலேட்டரும் 7.080-இல் ஓடும். இரண்டையும் மிக்சரில் கலந்தால் வித்தியாசம் நேரடியாகக் குரலாகவே வந்துவிடும். மீதி வேலை ஆடியோ ஆம்ப்ளிஃபயருடையது. தத்துவம் பழையதுதான், ஆனால் 1968 நவம்பரில் அமெரிக்க ஹாம் இதழான கியூஎஸ்டியில் வெஸ் ஹேவர்டும் டிக் பிங்கமும் எழுதிய பிறகே ஹாம்கள் இதைப் பெரிதாகக் கையில் எடுத்தார்கள். பின்னர் என்இ602 ஐசி வந்ததும் வேலை இன்னும் சுருங்கியது. மிக்சரும் ஆசிலேட்டரும் அதற்குள்ளேயே அடக்கம், பக்கத்தில் ஒரு எல்எம்386 ஆடியோ ஐசி வைத்தால் ரிசீவர் முடிந்தது. என்இ602 கிடைக்காதவர்கள் பிஎஃப்டபிள்யூ10 டிரான்சிஸ்டர் வைத்து ஆசிலேட்டர் கட்டினார்கள்.

நான் கட்டியபோது முதலில் ஆடியோ பகுதியை மட்டும் பற்றவைத்தேன். 9 வோல்ட் பேட்டரியை மாட்டி, இயர்போனைக் காதில் வைத்துக்கொண்டு, எல்எம்386-இன் மூன்றாவது காலில் விரலை வைத்தேன். வீட்டு ஒயரிங்கின் 50 ஹெர்ட்ஸ் உறுமல் ‘ங்ங்’ என்று கேட்டது. அதுவரை சரி. அப்புறம் ஆசிலேட்டர். அது ஓடுகிறதா என்று பார்க்க மீட்டர் எதுவும் என்னிடம் இல்லை. ஷார்ட்வேவ் ரேடியோவைப் பக்கத்தில் வைத்து டயலைத் திருப்பினேன். ஓரிடத்தில் இரைச்சல் சட்டென்று அடங்கியது. நம் ஆசிலேட்டர் அங்கேதான் இருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு கட்டத்தையும் இப்படிக் காதாலும் விரலாலும் சரிபார்த்துக்கொண்டே போகலாம். டாங்கிளில் இதற்கு ஈடாக எதுவும் இல்லை.

ஆனால் குறையும் பெரிது. ஆசிலேட்டர் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒருவர் பேசுவதைப் பிடித்து இரண்டு நிமிடம் கேட்பதற்குள் குரல் வாத்துக் குரலாகிவிடும். காயிலை மெழுகு ஊற்றி இறுக்கினேன், பாலிஸ்டைரீன் கெபாசிட்டர் போட்டேன், எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னுக்குள் அடைத்தேன். அதன் பிறகும் அரை மணி நேரம் ஓடவிட்டுத்தான் கேட்க உட்கார வேண்டும். இன்னொரு தொல்லை, டைரக்ட் கன்வர்ஷன் இரண்டு சைட்பேண்டையும், அதாவது ஆசிலேட்டர் அதிர்வெண்ணுக்குக் கீழ்ப்பக்கத்தையும் மேல்பக்கத்தையும், ஒன்றாகக் கேட்கும். நமக்கு வேண்டிய லோயர் சைட்பேண்டோடு, மேல் பக்கத்தில் இருப்பவரும் கூடவே பேசுவார்.

டாங்கிளில் இந்த இரண்டும் கிடையாது. டிஜிட்டல் டிவி பார்க்கச் செய்த மலிவான குச்சி அது. உள்ளே இருக்கும் ஆர்டிஎல்2832யூ சிப், வரும் சிக்னலை அப்படியே எண்களாக வெளியே தரும் என்பதை 2012 வாக்கில் கண்டுபிடித்தார்கள். மீதியை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. ஒரே சமயத்தில் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலம் திரையில் ஓடும். 40 மீட்டர் பேண்ட் முழுதும் அதில் ஒரு கை அகலம்கூட வராது. எங்கே யார் பேசுகிறார்கள் என்று கண்ணாலேயே பார்த்து அங்கே சொடுக்கினால் போதும். நல்ல டாங்கிளில் ஆசிலேட்டரின் பிழை பத்து லட்சத்தில் ஒரு பங்கு, 7 மெகாஹெர்ட்ஸுக்கு வெறும் 7 ஹெர்ட்ஸ். மெழுகும் பிஸ்கட் டின்னும் இதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது.

இவ்வளவு இருந்தும், ஏரியலைச் செருகிய முதல் காலை என் டாங்கிளில் 7 மெகாஹெர்ட்ஸில் கேட்டது நாதஸ்வரம். உள்ளூர் மீடியம் வேவ் நிலையத்தின் காலை நிகழ்ச்சி! பெரும்பாலான டாங்கிள்களின் டியூனர் 24 மெகாஹெர்ட்ஸுக்கு மேல்தான் வேலை செய்யும். அதற்குக் கீழே கேட்க, டியூனரைத் தாண்டி சிக்னலை நேரே சிப்புக்குள் விடுகிறோம். சிப்பின் அளவுகோல் 8 பிட், மொத்தம் 256 படிகள். பக்கத்து ஊர் டிரான்ஸ்மிட்டர் அத்தனை படிகளையும் நிரப்பிவிட்டால், தூரத்து ஹாமின் மெல்லிய குரலுக்கு நிற்க இடமில்லை. பழைய ரிசீவரிலும் இதே நோய் வேறு உருவில் உண்டு. இரவில் 7.2-க்கு மேலே இருக்கும் வெளிநாட்டு ஒலிபரப்புகள் மிக்சரை மீறி, எந்த இடத்தில் டியூன் செய்தாலும் பின்னணியில் பாடும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. வாசலிலேயே தடுக்க வேண்டும். காயில் சுற்றும் இரும்புத்தூள் வளையமான சிவப்பு டி50-2 டொராய்டு இரண்டு, ஒவ்வொன்றிலும் எனாமல் கம்பி 27 சுற்று. 3.6 மைக்ரோஹென்றி வரும். கூடவே சுமார் 140 பிகோஃபாரட் வரும்படி கெபாசிட்டரும், திருகிச் சரிசெய்யும் கெபாசிட்டரான டிரிம்மரும் சேர்த்தால் 7.1 மெகாஹெர்ட்ஸில் நிற்கும். அப்படி இரண்டு காயில்-கெபாசிட்டர் ஜோடிகளை ஒரு சிறு கெபாசிட்டரால் இணைத்து டாங்கிளின் முன்னால் வைத்தேன். டிரிம்மரைத் திருப்பத் திருப்ப நாதஸ்வரம் தேய்ந்து மறைந்தது. அது இருந்த இடத்தில் ஒரு ஹாம் தன் அடையாளக் குறியான கால் சைனைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கான ரூபாய் டாங்கிளால் முடியாததை இரண்டு காயில்கள் செய்தன.

டொராய்டு கிடைக்கவில்லை என்று யாரும் தயங்க வேண்டாம். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் தன் பிட்எக்ஸ்20 டிரான்ஸீவரில் (கேட்கவும் பேசவும் முடிகிற செட்) ஆசிலேட்டர் காயிலைச் சுற்றியது தண்ணீர்க் குழாய் வாஷரில்.

இரைச்சல் விஷயத்தில் பழையதுக்கே என் ஓட்டு. எல்இடி பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் இந்த பேண்டில் கரகரவென்று கொட்டுகின்றன, லேப்டாப்பின் சார்ஜரும் அதில் சேர்த்தி. கரண்ட் போன மாலைகளில் பேட்டரி ரிசீவரில் கேட்டுப் பாருங்கள். தெருவே அடங்கி, பேண்ட் துல்லியமாகத் திறக்கும்.

20 மீட்டர் கம்பி கட்ட மொட்டை மாடியோ மரமோ இல்லாத அடுக்குமாடிக்காரர் 40 மீட்டரை விட்டுவிட்டு டாங்கிளையே வாங்கலாம். விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போகும்போது 145.800 மெகாஹெர்ட்ஸில் காத்திருக்க அது போதும். இடம் இருக்கிறவர் முதலில் டைரக்ட் கன்வர்ஷன் கட்டட்டும். ஆசிலேட்டர் நகர்வது பொறுக்கவில்லை என்றால் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு நகராத அதிர்வெண்ணைத் தரும் எஸ்ஐ5351 சிப்பைப் போட்டுக்கொள்ளலாம், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

அந்த இரண்டு காயில்களை நான் தனியாக ஒரு சின்ன டின்னில் வைத்து, இரண்டு பக்கமும் சாக்கெட் போட்டிருக்கிறேன். ஒரு வாரம் டாங்கிளின் முன்னால் இருக்கும், அடுத்த வாரம் பழைய ரிசீவருக்குப் போய்விடும்.