கர்ப்பப்பை ஆபரேஷன்: லேப்ராஸ்கோப்பியா, வயிற்றைத் திறந்தா?

கர்ப்பப்பையை எடுத்தே ஆகவேண்டும் என்றதும் சென்னையில் பலர் கேட்பது, "லேப்ராஸ்கோப்பியிலேயே பண்ணிடலாமா டாக்டர்?" என்றுதான். கேட்பதில் நியாயம் உண்டு. வயிற்றைத் திறந்தால் அடிவயிற்றில் நீளத் தையல், சில நாள் ஆஸ்பத்திரி வாசம், பழையபடி நடமாட 6 வாரமாவது ஆகும். லேப்ராஸ்கோப்பியில் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் அளவில் 3, 4 துளைகள்தான். கார்பன் டை ஆக்சைடால் வயிற்றை உப்பவைத்து, கேமரா வழியே பார்த்துச் செய்வார்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு. அந்த வாயுவால் தோள்பட்டை வலிக்கலாம், பயப்படாதீர்கள், தானாகப் போய்விடும்.

ஆனால் வெளியே துளை சின்னதென்று மெட்ரோ வாட்டர் லாரியில் குடம் பிடிக்கப் போய்விடாதீர்கள் அக்கா. கர்ப்பப்பையை எடுத்த இடத்தில், உள்ளே போட்ட தையல் ஆற வாரக்கணக்கில் ஆகும்.

சிறுநீர்க்குழாயில் காயம் படும் ஆபத்து லேப்ராஸ்கோப்பியில் சற்று அதிகம். கட்டி ரொம்பப் பெரிதென்றால் திறப்பதே பாதுகாப்பாக இருக்கலாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்றால் இன்னும் கவனம் தேவை: துளை வழி ஆபரேஷனுக்குப் பிறகு நோய் திரும்புவது அதிகம் என்று 2018-ல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது.

அப்புறம், பலர் கேட்கவே மறக்கும் வழி ஒன்று: பிறப்புறுப்பு வழியாக எடுப்பது. வயிற்றில் தையலே இல்லை. கர்ப்பப்பை இறங்கியிருந்தால் முதலில் அதைத்தான் கேட்கச் சொல்வேன்.