ஜெர்மனியில் ரூமைக் காலி செய்யப் போகிறீர்களா? சாவியைக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

காரைக்குடிக்கு வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது, கோபம் இன்னும் ஆறவில்லை. ஆகென் நகரில் இரண்டு வருடம் படித்துவிட்டுக் கிளம்பியபோது என் அட்வான்ஸில் பெரும்பகுதியை வீட்டுக்காரர் அமுக்கிக்கொண்டார். நம்ம பக்கத்துப் பிள்ளைகள் நிறைய பேர் இப்போது அங்கே போகிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

அட்வான்ஸை அங்கே கௌட்சியோன் என்பார்கள். ஹீட்டர், தண்ணீர்ச் செலவு சேர்க்காத வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. என் வாடகை 380, அவர் வாங்கியது 1,140 யூரோ. நம்ம காசில் ஒரு லட்சத்தைத் தாண்டும். அதுவரை சரி.

கடைசி வாரம் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். சைக்கிளை விற்கவேண்டும், முகவரியை நீக்க அலுவலகத்துக்கு ஓடவேண்டும், பெட்டி 23 கிலோவைத் தாண்டுகிறதா என்று நூறு தடவை தூக்கிப் பார்க்கவேண்டும், நடுவில் ஆளாளுக்கு விருந்து வேறு. நான் இரண்டு நாள் முழுக்க ரூமைத் தேய்த்தேன். நம்ம வீட்டில் அடுப்படி பின்கட்டில் இருக்கும், தாளிக்கிற புகை அப்படியே மேலே போய்விடும். அங்கே படுக்கை, மேசை, அடுப்பு எல்லாம் ஒரே அறை. மஞ்சள் கறையை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்ததில் என் விரல் நுனிதான் உரிந்தது.

கிளம்புகிற அன்று காலை ஏழு மணிக்கு வீட்டுக்காரர் வந்தார். ஜன்னலைத் திறந்து பார்த்தார், குழாயைத் திருகினார், 'அல்லெஸ் குட்', எல்லாம் சரி என்று சிரித்தார், சாவியை வாங்கிக்கொண்டார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு தாளில் எழுதித் தாருங்கள் என்று கேட்க வாய் வரவில்லை, ஃபிராங்க்ஃபர்ட் ரயிலுக்கு நேரமாகிவிட்டது, அதோடு நல்ல மனுஷரைச் சந்தேகப்படுவதா என்று ஒரு கூச்சம். எங்கள் ஐயா பர்மாவில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர், எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்று வாய்க்கு வாய் சொல்வார். பேத்திக்கு அன்றைக்குப் பார்த்து அது நினைவுக்கு வரவில்லை.

ஆறு வாரம் கழித்து மெயில். சுவருக்கு வெள்ளையடிக்க 480, தரையில் கீறலுக்கு 310, அடுப்பு மேடையில் சூட்டுத் தழும்புக்கு 220, மீதி 130 அனுப்பியிருக்கிறேன், நன்றி, வணக்கம். நாற்காலி இழுத்த கீறல் மாதிரி சாதாரணப் புழக்கத் தேய்மானத்துக்கு வாடகைக்காரர் பொறுப்பில்லை என்பது அங்குள்ள சட்டம். ஆனால் அது வெறும் தேய்மானம்தான் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் எதைக் காட்டுவது?

நான் கேட்டிருக்கவேண்டியது ஊபர்காபே புரோட்டோகோல் என்கிற ஒப்படைப்புத் தாள். குடி போகும்போது ஒன்று, காலி செய்யும்போது ஒன்று. சுவர், தரை, அடுப்பு, மீட்டர் அளவு, எத்தனை சாவி எல்லாம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடவேண்டும். அவர் மறுத்தால் ஒரு நண்பரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு மூலைமுடுக்கெல்லாம் படம் எடுங்கள். தகராறு வரும் போலத் தெரிந்தால் மாணவர் சங்கத்தில் சட்ட ஆலோசனை கிடைக்குமா என்று மாணவராக இருக்கும்போதே விசாரித்துவிடுங்கள், நான் பட்டம் வாங்கிய பிறகு யோசித்தேன். அங்குள்ள பேங்க் அக்கவுண்டை அவசரப்பட்டு மூடாதீர்கள், அட்வான்ஸ் அதில்தான் வரும். அப்புறம் அந்த ரேடியோ டிவி கட்டணம், மாதம் 18.36 யூரோ, டிவியே இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒன்று உண்டே, அது தானாக நிற்காது, நீங்கள்தான் எழுதி நிறுத்தவேண்டும்.

கதை அதோடு முடியவில்லை. மெயிலைப் படித்துக்காட்டியதும் அம்மா தன் ஃபோனைத் துழாவி ஒரு ஸ்கிரீன்ஷாட்டை எடுத்தாள். ரூமுக்குப் போன முதல் நாள் வீடியோ காலில், "அடுப்பைக் காட்டு ஆத்தா, எதுல சமைக்கப்போறே" என்று அப்பத்தா கேட்டதற்கு நான் மேடைப் பக்கம் நின்று பல்லைக் காட்டுகிறேன். என் முழங்கைக்குப் பக்கத்தில் அரைவட்டமாக அதே தழும்பு, மேலே தேதியோடு.

அனுப்பினேன். நாலாம் நாள் 220 யூரோ வந்தது, ஒரு வரி பதில்கூட இல்லை. சுவருக்கும் தரைக்கும் போன 790 போனதுதான். அப்பத்தா காட்டச் சொன்னது அடுப்பை மட்டும்தானே.